திங்கட்கிழமைக் காலை முதல் தண்ணீர்

என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீருக்கு ஒரு சிமெண்ட் தொட்டி கட்டியிருக்கிறார்கள். தொட்டிக்கு மேலே சுவரில் வரிசையாக ஆறு டேப். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து ஒரு கையால் டேப்பைத் திருகி, மறு கையைக் குவித்து ஏந்தி, அப்படியே குனிந்து குடிப்பார்கள். ஒருநாள் சாயங்காலம் அவளைக் கூப்பிடப் போன இடத்தில், வகுப்பு விட நேரமாகவே, அந்த டேப்புகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஆறில் நாலு டேப்பில் வெள்ளைப் பூச்சு உரிந்து மஞ்சள் பித்தளை தெரிகிறது. வாய்ப்பக்கம் பச்சைக் களிம்பு. ஒன்று சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது, அதில் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். எத்தனையோ தடவை பார்த்த டேப்தான், ஆனால் ராத்திரி முழுக்க அதற்குள் நிற்கிற தண்ணீரில் என்னவெல்லாம் கரையும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

அப்படிக் கரைவதில் நாம் பயப்பட வேண்டியது ஈயம். இங்கே முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஈயம் என்றதும் நமக்கு ரசம் வைக்கிற ஈயச்சொம்பும், தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் வலை மூழ்குவதற்காக அடியில் கட்டுகிற குண்டு காரீயம். கார் பேட்டரிக்குள் இருக்கிற தகடும் அதுதான். வெள்ளீயம் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகும், காரீயம் ஆகவே ஆகாது. இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடுவதால்தான், "எங்க ஆச்சி காலத்துல இருந்து ஈயத்துலதானே ரசம் வைக்கோம், என்ன ஆயிட்டு?" என்று கேட்டுவிடுகிறார்கள். (அந்தச் சொம்பிலும் காரீயம் கலந்து விற்பவர்கள் உண்டு, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.) இனிமேல் இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வருவதெல்லாம் காரீயம்.

உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று எண்ணி உள்ளே விட்டுவிடுகிறது. அது எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்கி வருஷக்கணக்காக இருக்கும், மூளைக்குள்ளும் போகும். ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், சின்னப் பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெறும் வயிறாக இருந்தால் இன்னும் கூடும். இரும்புச்சத்தோ கால்சியமோ குறைவாக இருந்தாலும் கூடும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே டேப்பில் குடிக்கிற இரண்டு பிள்ளைகளில், காலையில் சாப்பிடாமல் வந்த, உடம்பில் ரத்தம் குறைந்த பிள்ளைக்குத்தான் சேதம் அதிகம். 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தை நான் இந்தக் கண்ணோடும் பார்க்கிறேன். எட்டு மணிக்குச் சாப்பிடுகிற அந்த ஒரு தட்டு உப்புமாவும் சாம்பாரும் பசியை ஆற்றுவதோடு, வயிற்றுக்குள் வருகிற ஈயத்தில் கொஞ்சத்தை உடம்பில் ஏறவிடாமலும் தடுக்கிறது.

இதில் எனக்கு ஆற மாட்டாதது, வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான். காய்ச்சல் வராது, வாந்தி வராது, தண்ணீரில் நிறமோ வாடையோ ருசியோ மாறாது. பிள்ளைக்குக் கவனம் நிற்காது, படித்தது தங்காது, சட்டென்று கோபம் வரும். டீச்சர் "விளையாட்டுப் புத்தி" என்பார், நாமும் வீட்டுக்கு வந்து பிள்ளையைத்தான் ஏசுவோம். ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு (நூறு மில்லிக்கு) 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்தச் சொல்கிறது. மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றுகிற சிகிச்சையோ 45-ஐத் தொட்டால்தான். அந்தச் சிகிச்சையாலும் மூளைக்கு ஏற்கெனவே நேர்ந்த பாதிப்பைத் திருப்ப முடியாது. யுனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் மூன்றில் ஒரு பிள்ளைக்கு, அதாவது ஏறக்குறைய 80 கோடிப் பிள்ளைகளுக்கு, அந்த 5-ம் அதற்கு மேலும் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் இந்தியப் பிள்ளைகள் 27 கோடிக்கு மேல். எல்லாம் தண்ணீரால் வந்தது இல்லை. பழைய பெயிண்ட், பேட்டரி உருக்குகிற இடங்கள், கலப்பட மஞ்சள்தூள், கலப்பட உலோகப் பாத்திரம் என்று பல வழி உண்டு. ஆனால் பள்ளிக்கூடத் தண்ணீர் என்பது தினமும் குடிப்பது, நாம் அனுப்பி வைத்த இடத்தில் குடிப்பது, நினைத்தால் நம்மால் சரிசெய்ய முடிவது.

குடிதண்ணீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500, 2012 பதிப்பு) லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயத்துக்கு மேல் கூடாது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று சில பொருள்களுக்குத் தருகிற சலுகைகூட ஈயத்துக்குக் கிடையாது. 0.01 மில்லிகிராம் என்றால் மனசில் ஒன்றும் நிற்காது, எனக்கும் நிற்கவில்லை. இப்படி யோசித்துப் பாருங்கள்: மொட்டை மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி முழுக்கத் தண்ணீர், அதில் அரை அரிசி எடைக்கு ஈயம். அவ்வளவுதான் வரம்பு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கம் பள்ளிக்கூடக் குடிநீரில் இதிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது.

சரி, இது எங்கிருந்து வருகிறது? பொதிகையில் இருந்து இறங்கி வருகிற தாமிரபரணியை யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஆற்றுத் தண்ணீரில் தேட வேண்டியவை வேறு: கிருமி, கலங்கல், ஊர்க்கழிவு. ஈயம் பெரும்பாலும் ஆற்றில் இருந்து வருவதில்லை, கடைசி ஐம்பது அடியில்தான் ஏறுகிறது. உறைகிணற்றில் எடுத்த தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வழியே ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து பள்ளிக்கூடத்துத் தரைத்தொட்டிக்கு வந்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏறி, வெயிலில் காய்ந்துகிடக்கிற குழாய் வழியாக இறங்கி, டேப்புக்குள் வந்து நிற்கிறதே, அந்தக் கடைசி இடத்தில்தான் வினை.

வெளிநாடுகளில் ஈயக் குழாயையே மண்ணுக்குள் போட்டார்கள். ஈயத்துக்கு லத்தீனில் பிளம்பம் என்று பெயர், பிளம்பர் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். நம் ஊரில் ஈயக் குழாய் வழக்கம் இல்லை, ஆனால் இணைப்பிலும் பாகங்களிலும் ஈயம் இருக்கிறது. பழைய கட்டடங்களில் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், போட்ட காலத்தில் மரையில் சணல் நூலைச் சுற்றி அதன் மேல் 'ஒயிட் லெட்' தடவி முறுக்குவார்கள். பெயரிலேயே ஈயம் இருக்கிறது, அது ஈயச்சுண்ணம்தான். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சிலும் ஈயம் கலந்திருப்பது உண்டு. பாளையங்கோட்டையைப் போலப் பழைய பள்ளிக்கூடங்கள் நிறைந்த ஊரில், எந்தச் சுவருக்குள் எந்தக் காலத்துக் குழாய் ஓடுகிறது என்பதைத் தலைமையாசிரியர்கூட அறிந்திருக்க மாட்டார். அதற்கப்புறம் வந்தது பி.வி.சி. பைப். உருக்கி வார்க்கும்போது பிளாஸ்டிக் சூட்டில் சிதையாமல் இருக்க அதில் ஈயக் கூட்டுப்பொருள் சேர்ப்பது வெகுகாலம் நம் நாட்டில் வழக்கமாக இருந்தது. பி.வி.சி. குழாயில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021-இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் போட்ட குழாய்களை யாரும் தோண்டி எடுக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே பித்தளை டேப். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று நம்மிடம் பழமொழியே இருக்கிறது, ஆனால் டேப் செய்கிற பித்தளைக்குள்ளேயே ஈயம் இருக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடைசலில் வைத்து மரை வெட்டும்போது சுருள் சுருளாக இழுக்காமல் பொடிப்பொடியாக உதிர்ந்தால் வேலை சீக்கிரம் முடியும், அதற்காக நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஈயத்தைக் கலக்கிறார்கள். பழைய பித்தளைச் சாமான்களை உருக்கி வார்க்கிற விலை மலிந்த டேப்பாக இருந்தால் உள்ளே என்னென்ன இருக்கும் என்று வார்த்தவருக்கே தெரியாது. வெளியே பளபளவென்று பூசியிருப்பது கண்ணுக்குத்தான்; தண்ணீர் தொடுவது உட்புறத்தை.

எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரி ஈயத்தைக் கரைக்காது. மலையில் இருந்து வருகிற தண்ணீர் பொதுவாக மென்னீர், உப்புக் குறைவு. குழாயின் உட்புறத்தில் பாறைபோலப் படிகிற சுண்ணாம்பு அதில் அவ்வளவாகப் படியாது, ஆகவே உலோகம் தண்ணீருக்கு நேராகவே நிற்கும். ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் 'எங்க உப்புத் தண்ணி குழாயில் ஓடு கட்டிவிடும், எங்களுக்குப் பயமில்லை' என்று இருந்துவிடவும் முடியாது, ஏனென்றால் குளோரைடு மிகுந்த தண்ணீர் பித்தளையையும் ஈயப்பற்றையும் அரித்துத் தின்னும். ஆர்.ஓ. தண்ணீர் இன்னொரு வகை. ஆர்.ஓ. எந்திரம் ஈயத்தை நன்றாகவே வடிகட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உப்பெல்லாம் போன அந்தத் தண்ணீர் வெறும் வயிற்றுக்காரன் மாதிரி, போகிற வழியில் எது கிடைத்தாலும் கரைத்துக்கொள்ளும். நன்கொடையாக வந்த ஆர்.ஓ. எந்திரத்துக்குப் பின்னால் ஒரு கூலர், அந்தக் கூலரில் ஒரு பித்தளை டேப் என்று பல இடங்களில் பார்க்கிறேன். வடிகட்டி முடித்த தண்ணீரைக் கடைசியில் பித்தளைக்குள் நிறுத்தி வைத்தால் என்ன பயன்? சூடும் கணக்கில் வரும். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக் குழாயைத் திறந்தால் கை பொத்துப்போகும் அளவுக்குத் தண்ணீர் வருகிற ஊர் நமது. சூடான தண்ணீர் ஈயத்தை வேகமாகக் கரைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது நேரம். ஓடுகிற தண்ணீருக்கு உலோகத்தோடு பழக நேரமில்லை, நிற்கிற தண்ணீருக்குத்தான் உண்டு. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அடைத்த டேப்பைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கிறோம். அறுபது மணி நேரத்துக்கு மேல் அந்தத் தண்ணீர் பித்தளைக்குள் ஊறிக்கிடந்திருக்கிறது. கோடை விடுமுறை என்றால் மாதக்கணக்கு. அதை முதலில் குடிப்பது யார்? எட்டு மணிக்கே வந்து, ஓடிவந்த இரைப்பில் நேரே டேப்புக்குப் போகிற பிள்ளை.

பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டேன். "தண்ணி டெஸ்ட் பண்ணியாச்சு சார், நல்ல தண்ணி" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. எங்கள் தெருவில் குழாய் வேலை பார்க்கிற அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே கேள்வி கேட்டார். "தம்பி, எங்க பிடிச்சாங்க? மேல டேங்க்லயா, மோட்டார் பக்கத்துலயா, இல்ல பிள்ளேள் குடிக்க டேப்லயா? டேங்க்ல பிடிச்சா டேங்க் தண்ணி நல்லாருக்குன்னுதான் தெரியும்." நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததும் இதுதான். சோதனை நடக்கிறது, ஆனால் ஈயத்தைப் பொறுத்தவரை தவறான இடத்தில், தவறான நேரத்தில் நடக்கிறது. தொட்டியில் எடுத்த மாதிரியிலோ, பத்து நிமிஷம் திறந்துவிட்டுப் பிடித்த மாதிரியிலோ டேப்பில் ஊறிய ஈயம் தெரியாது.

இது பெரிய ஊர்களிலேயே நடந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவு குறையும் என்று குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றியது. குளோரைடு கூடுதலான தண்ணீர், குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தையும் சேர்க்கவில்லை. பழைய குழாய்களில் இருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. அங்கே தண்ணீர் மாதிரி எடுக்கக் கொடுத்த குறிப்பில், முந்தின ராத்திரி டேப்பைச் சில நிமிஷம் திறந்துவிட்டு அப்புறம் அடைத்து வைக்கச் சொல்லியிருந்தது. அப்படிச் செய்தால் குழாயில் தேங்கிய ஈயத்தில் நல்ல பங்கு சோதனைக்கு முன்பே கழுவிப் போய்விடும். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழுவினர் வீட்டுக்கு வீடு முதல் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தார்கள். மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் பிள்ளைகளின் ரத்தச் சோதனைக் கணக்குகளை எடுத்து, ஈயம் கூடியிருப்பதை 2015 செப்டம்பரில் ஊரறியச் சொன்னார். அடுத்த மாதமே தண்ணீர் பழைய இடத்துக்கு மாறியது. முந்தின ராத்திரி திறந்துவிடுகிற அந்த வழக்கத்தை நிறுத்தும்படி அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் தெளிவாகச் சொன்னது.

நம் பக்கம் வருவோம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்களுக்குக் கொடுக்கிற தண்ணீர் சோதனைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள், ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். உண்மையிலேயே நல்ல வேலை. கார அமிலத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளூரைடு, நைட்ரேட், இரும்பு எல்லாம் அதில் பார்க்கலாம். ஈயம் பார்க்க முடியாது. வீட்டுக்கு ஆர்.ஓ. விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் நீட்டி எண் காட்டுவாரே, அந்த டி.டி.எஸ். மீட்டரிலும் தெரியாது. அது மொத்த உப்பை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லிகிராம் என்ற கணக்கில் காட்டுகிறது, நாம் தேடுவதோ ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. மீட்டர் 40 காட்டுகிற தண்ணீரில் ஈயம் இருக்கலாம், 900 காட்டுகிற தண்ணீரில் இல்லாமலும் இருக்கலாம். ஈயத்துக்கு, உலோகத்தைத் துல்லியமாக அளக்கிற அணு உறிஞ்சல் நிறமாலைமானியோ அதைவிட நுட்பமான கருவியோ உள்ள, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கிற தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீர் கொடுக்கலாம். கொடுக்கும்போது "குடிநீர் டெஸ்ட்" என்று பொதுவாகச் சொல்லாமல் "ஈயம் பார்க்க வேண்டும், லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழேயும் அளக்க முடியுமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் வழக்கமான பட்டியலைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

மாதிரி எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளுக்கான வழிகாட்டியில் உள்ள முறை எளிது, நாமும் அப்படியே செய்யலாம். முந்தின நாள் பள்ளி விட்ட பிறகு யாரும் டேப்பைத் தொடக் கூடாது. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், பதினெட்டு மணி நேரத்துக்கு மிகாமல் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். காலையில் பிள்ளைகள் வருமுன், ஆய்வகம் கொடுத்த கால் லிட்டர் பாட்டிலை டேப்புக்கு நேரே பிடித்து, திறந்ததும் வருகிற முதல் தண்ணீரைக் கீழே ஒரு சொட்டும் விடாமல் பிடிக்க வேண்டும். அப்புறம் முப்பது நொடி ஓடவிட்டு இன்னொரு பாட்டில். முதல் பாட்டிலில் ஈயம் அதிகம், இரண்டாவதில் இல்லை என்றால் குற்றவாளி டேப்பும் அதை ஒட்டிய துண்டும். இரண்டிலும் இருந்தால் பின்னால் இருக்கிற குழாயில் தேட வேண்டும். ஒரு டேப்பில் எடுத்து ஆறு டேப்புக்கும் சேர்த்து முடிவு சொல்லக் கூடாது, பக்கத்துப் பக்கத்து டேப்பிலேயே முடிவு மலைக்கும் மடுவுக்கும் மாறும். தொட்டிக் குழாய் வந்து சேருகிற முதல் டேப்பில் தொடங்கி வரிசையாகக் கடைசிக்குப் போங்கள், பாட்டிலில் டேப் எண்ணையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். சத்துணவுக் கூடத்து டேப்பை மறந்துவிடாதீர்கள். அரிசி வேகும்போது தண்ணீரோடு சேர்த்து ஈயத்தையும் இழுத்துக்கொள்ளும். அங்கன்வாடி டேப்பையும்தான்.

அந்தப் பதினெட்டு மணி நேரக் கணக்குப்படி பார்த்தால் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோதான் எடுக்க வேண்டும், திங்கட்கிழமை எடுத்தால் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அன்றாட நிலை தெரிய அது சரியான விதி. ஆனால் திங்கட்கிழமைத் தண்ணீரையும் நம் பிள்ளைகள்தான் குடிக்கிறார்கள். பணம் கொஞ்சம் இருந்தால் அதையும் தனியாக ஒரு பாட்டில் எடுங்கள் என்பேன்.

முடிவு வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். காலையில் முதலில் வருகிற ஆயாவோ காவலரோ ஒவ்வொரு டேப்பையும் திறந்து, குழாயில் நின்ற தண்ணீர் போய் மாடித் தொட்டியில் இருந்து புதுத் தண்ணீர் வருகிற வரை விட்டால் போதும். ஆறு டேப்புக்கும் சேர்த்து நாலைந்து வாளி ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற ஊரில் இதைச் சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது, அதனால் அந்த வாளித் தண்ணீரைக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளலாம். இதை நிரந்தர வழியாக நம்பாதீர்கள். மத்தியானத்துக்குள் தண்ணீர் மறுபடியும் நின்று ஊறிவிடும். கொதிக்க வைத்தால் போகும் என்றும் நம்பாதீர்கள், கொதித்தால் கிருமி சாகும், தண்ணீர் சுண்டும், ஈயம் அப்படியே கூடி நிற்கும்.

முடிவில் ஈயம் இருந்தால், பெரும்பாலும் முதலில் மாற்ற வேண்டியது டேப். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆறு டேப் மாற்றுவது பெரிய செலவு இல்லை. குடிநீருக்கென்று வருகிற ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட நல்ல பிளாஸ்டிக் டேப்போ எஸ்.எஸ். (எவர்சில்வர்) டேப்போ போடலாம். பைப் வாங்கினால் ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்க வேண்டும், பழைய ஜி.ஐ. துண்டு இடையில் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேட வேண்டும். இதைக் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அதில் "டேப் வாரியாக ஈயப் பரிசோதனை" என்று தீர்மானம் போடுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று நடக்கிற கிராம சபையிலும் வையுங்கள். வாயால் சொல்வதோடு விடாமல் எழுத்தில் கொடுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தீர்மானம் போட்டாயிற்று. டேப் மாற்ற அண்ணாச்சி கூலி வேண்டாம் என்கிறார், சாமான் மட்டும் வாங்கித் தரச் சொல்கிறார். மாற்றுகிறதுக்கு முன்னால் ஆறு டேப்பிலும் முதல் தண்ணீர் பிடிக்க வேண்டும், மாற்றிய பிறகும் ஒரு மாதம் கழித்து அதே ஆறிலும் பிடிக்க வேண்டும், புது டேப் என்பதாலேயே நல்ல டேப் ஆகிவிடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். "அப்ப பன்னெண்டு பாட்டில் கேளுங்க தம்பி" என்றார். இரண்டாவது தண்ணீருக்கும் சேர்த்து இருபத்துநாலு.